மொதல்ல டயர சொல்லு, காடி அப்புறம்

சனிக்கெழமை ராத்திரி ரேஸ் வைக்கிறோம்னு வாட்சப் குரூப்புல ஒரு வரி போட்டா போதும், மொத கேள்வி "என்ன காடிண்ணே?"னு வரும், ரெண்டாவது "எத்தன எச்பி (குதிரை சக்தி) வரைக்கும் விடுவீங்க?"னு வரும், டயர பத்தி வாயத் தொறக்குற ஆளு ரொம்ப கம்மி. இது எனக்கு ரொம்ப நாளா இருக்குற ஆதங்கம், இன்னிக்கி எழுதிடுறேன். பிளேஸ்டேஷன்ல ஓட்டுற கிரான் டூரிஸ்மோ 7 (ஜிடி7) கார் ரேஸ் கேம்ல நாலு பேரு சேர்ந்து ஓட்டுற ரேஸ் கடைசி லேப் (சுத்து) வரைக்கும் விறுவிறுன்னு போவுதா, இல்ல ரெண்டாவது லேப்லயே ஆளுக்கொரு மூலைக்கு சிதறிப் போவுதாங்கறத பெரும்பாலும் டயர் கிரேடுதான் முடிவு பண்ணுது. காடி, எஞ்சின், செட்டப்பு எல்லாம் அதுக்குப் பின்னாடி வர்ற சமாச்சாரம்.

புதுசா வந்த தம்பிங்களுக்காக மொதல்ல கிரேடு விஷயத்த சொல்லிடுறேன். காஞ்ச தார் ரோட்டுக்கு மூணு குடும்பம் இருக்கு, கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங், ஒவ்வொண்ணுலயும் ஹார்ட், மீடியம், சாஃப்ட்னு மூணு, ஆக மொத்தம் ஒம்பது. கம்ஃபர்ட் ஹார்ட்தான் இருக்குறதுலயே வழுக்கல், ரேசிங் சாஃப்ட் ரோட்டோட ஒட்டிக்கும். மழைக்கு இண்டர்மீடியட், ஹெவி வெட்னு ரெண்டு, மண்ணுக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணு. கம்ஃபர்ட்ட நாம தெனம் வேலைக்கு ஓட்டுற காடி டயர் மாதிரி நெனச்சுக்கலாம், ஸ்போர்ட்ஸ்னா காசு போட்டு வாங்குற நல்ல ரோட்டு டயரு, ரேசிங்னா வரியே இல்லாத மொழுக்கு ஸ்லிக்கு.

கிரேடுன்னா என்னன்னு கையில தொட்டுப் பாக்கணும்னா நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட்லயே பாக்கலாம். போன தடவ காடிக்கு டயர் மாத்த போனப்ப கடை அண்ணன் பழைய டயர படுக்கப் போட்டு சைட்ல தொடச்சிக் காட்டுனாரு, ட்ரெட்வேர்னு எழுதி பக்கத்துல ஒரு நம்பரு. "தம்பி, இது 400, இது நெறய கிலோமீட்டர் தாங்கும். 200 போட்டிருக்குற டயரும் இருக்கு, அது ரோட்ட நல்லா கவ்வும் ஆனா சீக்கிரம் தேஞ்சிடும், ஒனக்கு எது வேணும்?"னு கேட்டாரு. கேம்ல இருக்குற மொத்த சூட்சுமமும் அந்த ஒரு கேள்விதான். ரப்பர் மெத்துன்னு இருந்தா ரோட்டு சொரசொரப்புக்குள்ள நல்லா எறங்கிப் புடிக்கும், அப்படி புடிக்கிறதுக்கு வெலையா தேய்மானத்த குடுக்கும். 1877ல நட்ட ரப்பர் மரம் பக்கத்து கோலாகங்சார்ல இன்னும் நிக்குது, எங்க பாட்டி விடியக்காலம் நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு பால் வெட்டப் போனவங்க, இப்ப தோட்டத்துல பாதிக்கு மேல செம்பனையா மாறிடுச்சி. ஆனா டயருன்னா நம்ம ஊரு ஆளுக்கு அது அன்னியமான சாமான் இல்ல, அதனாலயும் எனக்கு இதுல ஒரு தனி பிரியம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரேஸ் வைக்கிறவங்க செய்யுறத கவனிச்சிப் பாத்தா, காடிய முடிவு பண்ணிட்டு டயர "இருக்கட்டும் ரேசிங் சாஃப்ட், எல்லாரும் ஈசியா ஓட்டலாம்"னு விட்டுடுறாங்க. ஈசிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பிடிப்பு அவ்வளவு இருந்தா என்னாவுது, எல்லாரும் ஒரே எடத்துல பிரேக் அடிக்கிறான், எல்லாரும் ஒரே கோட்டுல திரும்புறான், யாருக்கும் காடி அசையல, முன்னாடி போறவன் தப்பு பண்ண சந்தர்ப்பமே இல்ல, அப்புறம் எப்படி முந்துறது? வேற வழி இல்லாம முட்டித்தான் முந்தணும், அங்கதான் சண்ட வருது. அதே காடிக்கு ஸ்போர்ட்ஸ் ஹார்ட் போட்டுப் பாருங்க. பிரேக் தூரம் நீளுது, நீண்டா முந்த எடம் கெடைக்குது. வளைவுல ஆக்சிலேட்டர் கொஞ்சம் அவசரப்பட்டு மிதிச்சா பின்பக்கம் லேசா நழுவுது, நழுவுனா நேர் ரோட்டுக்கு வர்றப்ப வேகம் கொறையுது, பின்னாடி வர்றவன் பொறுமையா இருந்தா பக்கத்துல வந்துடுவான். யாரு கை சுத்தம்னு அப்பதான் தெரியும். அதனால நான் எப்பவும் சொல்றது, மனசுல தோணுற கிரேடுக்கு ஒரு படி கீழ எறங்கிப் போடுங்க.

இதுக்கும் ஒரு எல்ல இருக்கு. ஐநூறு குதிரை சக்தி பின்சக்கர காடிக்கு கம்ஃபர்ட் மீடியம் போட்டா அது ரேஸ் இல்ல, தண்டன. கன்ட்ரோலர்ல ஓட்டுற பையன் ரெண்டாவது கியர்லயே சுத்திக்கிட்டு நிப்பான், அவன் அடுத்த வாரம் வரமாட்டான். எங்க குரூப்புல வீலு, பெடலுன்னு செட்டு போட்டவங்களும் இருக்காங்க, தங்கச்சி கன்ட்ரோலர கடன் வாங்கி ஓட்டுறவனும் இருக்கான், ரெண்டு பேருக்கும் ஒத்துவரணும். என் கணக்கு இப்படித்தான் போவும்: நூத்தம்பது எச்பிக்குள்ள லேசான காடின்னா கம்ஃபர்ட் சாஃப்ட் தாராளமா போதும், மீடியம் போட்டாலும் ஜாலிதான். இருநூறு முந்நூறுன்னா ஸ்போர்ட்ஸ் ஹார்ட், புது ஆளுங்க நெறய இருந்தா ஸ்போர்ட்ஸ் மீடியம். நானூறு தாண்டுனா ஸ்போர்ட்ஸ் சாஃப்ட். ரேசிங் டயர கேம்ல இருக்குற ஜிஆர் 4, ஜிஆர் 3 வகுப்பு மாதிரி நெசமான ரேஸ் காடிங்களுக்குன்னு ஒதுக்கி வைங்க, அந்த காடிங்க எறக்கை வச்சி காத்தால ரோட்டுல அமுங்குறதுக்குன்னே செஞ்சது, அதுக்கு ஸ்லிக்கு இல்லன்னா அழகே இல்ல. ரோட்டு காடிக்கு ஸ்லிக்கு மாட்டுறது எனக்குப் புடிக்காது, இது என் அபிப்பிராயம், யாராச்சும் சண்டைக்கு வர்றதா இருந்தா வாங்க.

அடுத்து இந்த பிபி. பெர்ஃபாமன்ஸ் பாயிண்ட், காடி மொத்தமா எவ்வளவு தெறமன்னு கேம் போடுற மார்க்கு. இதுல நெறய பேரு கவனிக்காத ஒண்ணு, இந்த மார்க்குல டயரும் சேரும். டயர ஒரு குடும்பம் மேல ஏத்துனா பிபி எகிறிடும், கீழ எறக்குனா அந்த எடத்துல எஞ்சின் பவர் ஏத்திக்க எடம் கெடைக்கும். அதனால "600 பிபி, டயர் அவங்கவங்க இஷ்டம்"னு ரூல் போட்டா அது வேற மாதிரி வெளையாட்டு. ஒருத்தன் நல்ல டயரு, சின்ன எஞ்சின்னு வருவான், இன்னொருத்தன் வழுக்குற டயரு, பெரிய எஞ்சின்னு வருவான். ட்சுகுபா மாதிரி ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் ஓடுற, திரும்பித் திரும்பிப் போற ட்ராக்குன்னா மொதல்ல சொன்னவனுக்குத்தான் கொண்டாட்டம். லெ மான் மாதிரி நீட்டு நேர் ரோட்டு இருந்தா ரெண்டாவது ஆளு காத்தா பறந்துடுவான், வளைவுல பொறுமையா இருந்தாக்கூட நேர் ரோட்டுல எல்லாத்தையும் வாரிக்குவான். இது மூளைக்கு நல்ல வேலைதான், பழகுன ஆளுங்களுக்குள்ள வச்சா பிரமாதமா இருக்கும், ஆனா புதுசா வர்றவனுக்கு கராஜ்லயே தோல்வி வந்துடும். புது ஆளு இருக்குற ராத்திரிக்கு டயர ஒரே கிரேடா கட்டி வச்சிடுங்க.

இப்ப காடி தயார் பண்றது. டயர் முடிவான பிறகுதான் கைய வைக்கணும்னு நான் அடிச்சி சொல்றதுக்கு காரணம், செட்டப்புல இருக்குற ஒவ்வொரு எண்ணும் டயர் எவ்வளவு தாங்குங்கறத பாத்து போடுறது. ஸ்பிரிங்க எடுத்துக்கங்க, ஜிடி7ல அது நேச்சுரல் ஃப்ரீக்வன்ஸின்னு ஹெர்ட்ஸ் கணக்குல வரும். ரேசிங் டயருக்கு விறைப்பா வச்சா காடி சொன்ன எடத்துல நிக்கும். அதே எண்ண கம்ஃபர்ட்டுக்கு வச்சா டயர் ரோட்டுல ஒக்காரவே செய்யாது, சின்ன மேடு பள்ளத்துக்கெல்லாம் துள்ளும், துள்ளுற நேரம் பிடிப்பு இல்லாத நேரம். அதனால கீழ் கிரேடுக்கு ஸ்பிரிங்க தளத்துங்க, காடி ஒரு பக்கமா சாயாம புடிக்கிற ஆன்ட்டி ரோல் பார ரெண்டு மூணு படி எறக்குங்க, காடி சாயட்டும், சாஞ்சாத்தான் எடை மெதுவா ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கம் போவும், டயருக்கு மூச்சு விட நேரம் கெடைக்கும். ரைட் ஹைட்ட, அதாவது காடி தரையிலேருந்து நிக்கிற ஒசரத்த, தரையோட தரையா எறக்குனா பாக்க அழகா இருக்கும், ஆனா மேடேறி எறங்குற எடத்துல அடி தட்டும். கேம்பர (சக்கரம் உள்பக்கமா சாஞ்சி நிக்கிற அளவு) அள்ளிப் போடாதீங்க, வளைவுல புடிக்கும்னு கூட்டிக்கிட்டே போனா நேரா பிரேக் அடிக்கிறப்ப டயர் முழு அகலத்துக்கும் தரையில படாது.

எல்எஸ்டி இருக்கே, ரெண்டு பக்க சக்கரமும் தனித்தனியா சுத்தாம கட்டுப்படுத்துற சாமான், அதுல முக்கியமா ஆக்சிலரேஷன் சென்சிட்டிவிட்டி, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்கிறப்ப எவ்வளவு பூட்டணுங்கற அளவு, அஞ்சுலேருந்து அறுபது வரைக்கும் நகரும். பின்சக்கர காடியில அத ஏத்தி வச்சா ரெண்டு பின் சக்கரமும் ஒண்ணா பூட்டிக்கிட்டு தள்ளும், நல்ல டயர்ல அது ஒரு சொகம், வழுக்குற டயர்ல ரெண்டும் ஒண்ணா நழுவி வால் சுத்திடும். அதனால கம்ஃபர்ட்டுக்கு கொறச்சி வைங்க. சிவிக் டைப் ஆர் மாதிரி முன்சக்கர காடின்னா கத வேற, கொஞ்சம் ஏத்துனாத்தான் உள்பக்க சக்கரம் சும்மா சுத்தாம இழுக்கும், ரொம்ப ஏத்துனா ஸ்டியரிங் எவ்வளவு வளச்சாலும் நேராவே போவும். ரெண்டு லேப் ஓட்டி ரெண்டு எண்ணு மாத்தி மறுபடி ரெண்டு லேப் ஓட்டி, அப்படித்தான் இது புடிபடும். யூட்யூப்ல யாரோ போட்ட செட்டப்ப அப்படியே காப்பி அடிச்சா அவரு எந்த டயருக்குப் போட்டாருன்னு பாத்துட்டு அடிங்க, டயர் வேறன்னா அந்த செட்டப்பு ஒங்களுக்கு எதிரி.

கியர் விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன், அந்த ட்ராக்கோட நீளமான நேர் ரோட்டு முடிவுல கடைசி கியர்ல ரெவ் (எஞ்சின் சுத்துற வேகம்) உச்சத்துக்கு கிட்ட வரணும், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் சமமா இருக்கணும்னா பவர் ரெஸ்ட்ரிக்டரும் பேலஸ்டும்தான் ஆயுதம். ரெஸ்ட்ரிக்டர் எஞ்சின் பவர விழுக்காடு கணக்குல கொறைக்கும், பேலஸ்ட் எடைய ஏத்தும், அந்த எடைய முன்னாடியா பின்னாடியான்னு நகத்தவும் முடியும். மூக்கு கனமான காடிக்கு எடைய பின்னாடி தள்ளி வச்சா திரும்புறது லேசாவும். ஆனா எடை ஏறுனா டயரும் சீக்கிரம் தேயும், இத மறந்துட்டு பேலஸ்ட்ட அள்ளிப் போட்டா நீண்ட ரேஸ்ல அழ வேண்டியிருக்கும். நான் மொதல்ல ரெஸ்ட்ரிக்டரதான் கைய வைப்பேன், பேலஸ்ட் கடைசி அஞ்சு பத்து பாயிண்டு சரி பண்றதுக்கு.

இன்னொண்ணு, ஆயில். கேம்ல இருக்குற ஜிடி ஆட்டோ ஒர்க்‌ஷாப்புக்குப் போயி ஆயில் மாத்திட்டு அதுக்கப்புறம் பிபி எண்ண சரி பாருங்க. ஓட ஓட ஆயில் கெட்டு பவர் கொறஞ்சிருக்கும், அந்த கொறஞ்ச பவருக்கு நீங்க 600ன்னு கச்சிதமா அளந்து வச்சிருப்பீங்க, ரேஸுக்கு அஞ்சு நிமிஷம் இருக்குறப்ப ஆயில் மாத்துவீங்க, பவர் திரும்பி வரும், பிபி தாண்டிடும், லாபி, அதாவது எல்லாரும் ரேஸுக்கு கூடுற ஆன்லைன் ரூம், காடிய உள்ள விடாது. அப்ப எல்லாரும் ஒங்களுக்காக காத்துக்கிட்டு நிப்பாங்க. அதே மாதிரி டயர காடிக்கு காடி தனியா வாங்கணும், ஒரு காடிக்கு வாங்குன ஸ்போர்ட்ஸ் ஹார்ட் இன்னொண்ணுக்கு வராது, மழைக்கான ரெண்டையும் சேத்து முன்னாடியே வாங்கி வச்சிடுங்க.

தேய்மானம் வச்ச ரேஸ் எனக்கு ரொம்பப் புடிச்ச ஒண்ணு. லாபி வைக்கிறவரு டயர் எத்தன மடங்கு வேகமா தேயணும், பெட்ரோல் எத்தன மடங்கு கொறையணும்னு போடலாம். இங்க நான் ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். இருவது லேப் ரேஸ்னு வைங்க. சாஃப்ட் ஏழு லேப் தாங்குது, மீடியம் பத்து லேப் தாங்குது. சாஃப்ட்ல ஓடுனா சராசரியா லேப்புக்கு 0.8 செகண்ட் சீக்கிரம். இருவது லேப்புக்கு 16 செகண்ட் லாபம், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சாஃப்ட்டுக்கு ரெண்டு தடவ பிட்டுக்குள்ள (டயர் மாத்துற எடம்) போவணும், மீடியத்துக்கு ஒரு தடவ போதும். கூடுதலா ஒரு தடவ பிட்டுக்குப் போயி வர 25 செகண்ட் ஆவுதுன்னா, மீடியம்காரன் 9 செகண்ட் முன்னாடி முடிப்பான். அதே ட்ராக்குல பிட் லேன் சின்னதா இருந்து 15 செகண்ட்தான் ஆவுதுன்னா சாஃப்ட் ஒரு செகண்ட்ல ஜெயிச்சிடும். அதனால ரேஸுக்கு முந்துன நாளு சும்மா ஒரு தடவ பிட்டுக்குள்ள போயி வந்து நேரத்த பாருங்க, பேப்பர்ல எழுதிக்குங்க. இந்த ஒரு எண்ணு தெரியாம டயர் எடுக்குறது கண்ண கட்டிக்கிட்டு எடுக்குறதுதான்.

டயர காப்பாத்துறது கையிலயும் இருக்கு. பிஎஸ்5 கன்ட்ரோலர்ல பிரேக் ரொம்ப அழுத்துனா எல்2 பட்டன் விரலுக்கு அடியில படபடன்னு துடிக்கும், பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் வேல செய்யுதுன்னு அர்த்தம், டயர் அதோட எல்லைக்கு வந்துடுச்சின்னு அர்த்தம். அந்தத் துடிப்பு ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மயிரிழை முன்னாடி விரல நிறுத்தப் பழகுங்க. திரையில நாலு டயரும் தெரியும், ஒவ்வொண்ணுக்கும் தேய்மானம் காட்டும். முன்சக்கர காடியில முன்னாடி ரெண்டும் பாவம், திருப்புறதும் அதுதான் இழுக்குறதும் அதுதான், சீக்கிரம் தேஞ்சிடும். அப்ப பிரேக் பேலன்ஸ ஒரு படி பின்னாடி தள்ளுனா முன் டயருக்கு கொஞ்சம் ஓய்வு. ரேஸ் நடுவுலயே மாத்திக்கலாம், பயப்படாதீங்க.

மழ வர்ற ட்ராக்குல, ஸ்பா, லெ மான், ஃபூஜி இந்த மாதிரி, ரேடார் பாக்கப் பழகுங்க. நம்ம ஊருல நாலு மணிக்கு மலை பக்கம் கருத்தா துணிய எடுக்க ஓடுறோமில்ல, அதே புத்திதான் இங்கயும் வேணும். மேகம் ட்ராக்க எத்தன நிமிஷம் கடக்கும்னு பாருங்க, ரோட்டு ஈரத்த காட்டுற பட்டை எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க. லேசான தூத்தலுக்கு ஒடனே பிட்டுக்கு ஓடி ஹெவி வெட் மாட்டுனா, ரோடு காஞ்சதும் அந்த டயரு சூடேறி கரைஞ்சிடும். சந்தேகமா இருந்தா இண்டர்மீடியட். நின்னு அடிக்கிற மழைன்னா மட்டும் ஹெவி வெட்.

இதெல்லாம் கேமுக்குப் போயி இவ்வளவானு கேக்குற பெரியவங்க இருக்காங்க, அவங்களுக்கு மரியாதையோட ஒண்ணு சொல்லிக்கிறேன். 2018ல மொனாக்கோவுல கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் நேஷன்ஸ் கப் ஜெயிச்ச பிரேசில்காரரு இகோர் ஃபிராகா, நெசமான ரேஸ் காடியும் ஓட்டுறவரு. 2023ல நம்ம பக்கத்துல சிங்கப்பூர்ல நடந்த ஒலிம்பிக் ஈஸ்போர்ட்ஸ் போட்டியில ஜிடி7 ஒரு பிரிவா இருந்துச்சி. செப்பாங்ல 1999லேருந்து 2017 வரைக்கும் ஃபார்முலா ஒன் நடந்துச்சி, அந்த வெயில்ல டயர காப்பாத்தத் தெரிஞ்சவன்தான் ஜெயிச்சான், அதே படிப்பதான் நம்ம பையன் லயத்து வீட்டு ஹால்ல ஒக்காந்து படிக்கிறான். அதவிட எனக்கு முக்கியமானது வேற. எங்க தோட்டத்துல ஒண்ணா வளந்த பையனுங்க இன்னிக்கி ஜொகூர்ல ஒருத்தன், சிங்கப்பூர்ல ஷிஃப்டு வேலையில ரெண்டு பேரு, கோலாலம்பூர்ல நாலஞ்சு பேரு. தீபாவளிக்குக்கூட எல்லாரும் ஒண்ணா வர்றது கஷ்டம். சனிக்கெழமை ராத்திரி லாபியில ஒருத்தன் ஒருத்தன "டேய் மச்சான் உள்பக்கம் வர்றேன், எடம் விடு"னு கத்துறது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம்னு எழுதிக் காட்ட முடியாது. அந்த ரேஸ் நல்லா இருக்கணும், நெருக்கமா இருக்கணும், கடைசியா வர்றவனுக்கும் சண்ட போட பக்கத்துல ஒரு காடி இருக்கணும். அதுக்குத்தான் டயர்ல இவ்வளவு அடம் புடிக்கிறேன்.

இந்த வாரத்துக்கு ரூல் போட்டுடுறேன். காடி மாஸ்டா ரோட்ஸ்டர் எஸ், என்டி மாடல், 990 கிலோ, 131 குதிரை சக்தி, எஞ்சின்ல யாரும் கைய வைக்கக் கூடாது. டயர் கம்ஃபர்ட் சாஃப்ட், எல்லாருக்கும் அதேதான். சஸ்பென்ஷனும் எல்எஸ்டியும் ஒங்க இஷ்டம். ட்ராக் ட்சுகுபா, பதினஞ்சு லேப், தேய்மானம் ரெண்டு மடங்கு, ஸ்லிப்ஸ்ட்ரீம் (முன்னாடி போற காடிக்குப் பின்னாடி காத்துத் தடை கொறையுறது) ரியல், ரோலிங் ஸ்டார்ட் (ஓடிக்கிட்டே ஆரம்பிக்கிறது). லாபி ஒம்பதரைக்கு தொறக்கும், பத்துக்கு ரேஸ். வைஃபைல ஓட்டுறவங்க முடிஞ்சா கேபிள் போட்டுக்குங்க, இடி இடிச்சா கேபிள கழட்டிட்டு மெசேஜ் போடுங்க, ஞாயித்துக்கெழமைக்கு மாத்திக்கலாம். சிங்கப்பூர் தம்பிங்க ரெண்டு பேரும் ஷிஃப்டு எத்தன மணிக்கு முடியுதுன்னு குரூப்புல சொல்லுங்கப்பா, அத பாத்து நேரத்த தள்ளி வைக்கிறேன்.